இரண்டு பிளவுஸ் தூரம்

லவீனா அக்கா வாயிலிருந்து குண்டூசியை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தால், கடல் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நேரே நிற்கும், அளவெடுக்க வசதியாக. உலகத்தில் இதுவரை பிறந்த மாலுமிகள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினால் முதல் ஆளாக நிற்பது அவர்தான். பின்னால் நிற்கிற மற்றவர்கள் காற்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள். பறங்கியர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், பீரங்கி வைத்தார்கள். குருநகரிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் கரை கரையாக இறங்கித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு போக அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் இப்படிச் சொல்வது காதில் விழுந்தால், "டேய் றொகான், உன்ரை வாய்க்கு ஒரு சிப் வைச்சுத் தைக்கவேணும்" என்பார். குண்டூசிகள் வாயில் இருக்கும்போதே சொல்வார். ஒன்றும் விழாது. அதையும் சாதனைக் கணக்கில் சேர்க்கலாம்.

ஒவ்வொரு நாளும் விடிய, யாகப்பர் கோயில் பூசை முடிந்து கடை திறப்பதற்கு முன் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் குருநகர்க் கரையில் நிற்பார். வள்ளங்கள் வந்து மீன் இறக்குகிற இரைச்சலுக்குள், மீனைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்க்கிற ஒரே சீவன் அவர்தான். கழுத்தில் அளவு நாடா தொங்கும். காற்று அந்த நாடாவின் நுனியை எந்தப் பக்கம் தூக்குகிறது என்று பார்ப்பார். "இண்டைக்கு லைனிங் வைச்சதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார்.

விளக்கம் சொல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் பாவம். அக்காவுக்குத் தூரம் என்பது கிலோமீற்றர் இல்லை. ஒரு உடுப்பைத் தைத்து முடிக்கிற நேரத்துக்குள் எவ்வளவு தூரம் துடுப்பு வலிக்கலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. குருநகரிலிருந்து பண்ணைப் பாலம் ஒரு தலையணை உறை. பாலத்துக்கு அடியால் நுழைந்து அராலிப் பக்கம் போனால் இரண்டு பிளவுஸ். சோளகக் காற்று முகத்தில் அடித்தால் அதே இரண்டும் லைனிங் வைத்த பிளவுஸ் ஆகிவிடும். காரைநகரிலிருந்து மாதகல், ஒரு கலியாண வீட்டு முழு ஓடர். "அதுக்கு நடுவிலை பராக்குப் பாக்கக்கூடாது." கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கையில் கட்டிய கருவியைப் பார்த்து இத்தனை கிலோமீற்றர் என்பார்கள். அக்கா மரியாதையாகக் கேட்டுத் தலையாட்டி, "ஓம், ஒண்டரைப் பிளவுஸ்" என்பார். இரண்டு கணக்கும் சில நாள் பிழையாகிவிடும். கருவி பிழைத்தால் அவர்கள் பற்றறியைத் திட்டுவார்கள். தன்னுடையது பிழைத்தால் அக்கா, "துணி சுருங்கிப்போச்சு" என்பார்.

ஆள் குள்ளம். பள்ளிக்கூடச் சீருடையில் மிஞ்சிய வெள்ளைத் துணியில் தானே தைத்த பெரிய தொப்பி ஒன்று போடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தொப்பி தன் பாட்டில் தண்ணீரில் போவது போலிருக்கும். உயிர்காப்புச் சட்டையைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. "உதுக்குள்ளை அரை டசின் சனம் இருக்கலாம்" என்று இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, நெஞ்சில் ஒரு பை வைத்து, அதற்குள் வறுத்த கச்சான் கடலை போட்டுக்கொள்வார். நனையாமல் இருக்கப் பைக்கு மூடியும் உண்டு. மூடிக்குப் பொத்தானும் உண்டு.

கயாக் என்பது கொழும்புச் சொல். குருநகரில் அதற்கு வாழைப்பொத்தி என்று பெயர், ஒரு மடலை உரித்துத் தண்ணீரில் விட்ட மாதிரி இருப்பதால். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் கொஞ்சப் பொத்திகளை இளைஞர் கழகத்துக்கு என்று கொண்டுவந்து இறக்கி, எல்லோரையும் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துவிட்டுப் போனது. இளைஞர்கள் ஏறி உட்கார்ந்து, எஞ்சின் எங்கே என்று தேடி, இறங்கிவிட்டார்கள். பிறகு அவற்றில் கருவாடு காய்ந்தது. ஒன்றில் ஒரு கோழி அடை கிடந்தது. அக்கா அந்தக் கோழி குஞ்சு பொரித்து இறங்கும்வரை பொறுத்திருந்து, பொத்தியைக் கழுவி, இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, நாள் முழுக்க மெசினில் குனிந்திருக்கிறேன், நாரி நிமிரட்டும் என்றார்.

அவருடைய கணவர் யாகோப்பு அண்ணை றோலர்ப் படகில் ஆழக்கடலுக்குப் போகிறவர். அவருக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. "நான் வயித்துக்குப் போறன். நீ ஏனப்பா போறாய்?" என்று கேட்டார். "நீங்கள் மீனைப் பாக்கப் போறியள், நான் கரையைப் பாக்கப் போறன்" என்றார் அக்கா.  அடுத்த நாள் பொத்தியின் மூக்கில் ஒரு நல்ல நைலோன் கயிறு கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்தால் யார் கட்டியது என்று குருநகரில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படிக் கரை பார்க்கப் போனதில்தான் பாதை பிறந்தது. குருநகரில் ஏறி, அராலி, காரைநகர், மாதகல், மயிலிட்டி, வல்வெட்டித்துறை என்று இறங்கி இறங்கிக் கடைசியில் பருத்தித்துறையில் போய்ப் பொத்தியைக் கவிழ்த்து வைக்கிற பாதை. பாதை என்றதும் நான் தண்ணீரில் கோடு தேடினேன். அக்கா சிரித்தார். "கடலிலை ஆரும் எங்கையும் போகலாம். இறங்க விட்டால்தானடா அது பாதை." ஆகவே அவர் செய்ததெல்லாம் கரையில்தான். போய் இறங்குவார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். தண்ணீர் கொண்டுவருகிற வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருக்கும். கழுத்திலிருந்து நாடாவை எடுத்து அதற்கு அளவெடுப்பார். அடுத்த முறை வரும்போது சட்டை வரும். மூன்றாவது முறை, எங்களைப் போலப் பொத்தியில் வருகிறவர்கள் இங்கே இறங்கி இளைப்பாறலாமா என்று கேட்பார். புதுச்சட்டை போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யார் இல்லை என்பார்கள்? நேவிக்காரர் முதல்முறை மறித்து வெயிலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். இப்போது தொப்பியைக் கண்டாலே கையைக் காட்டி விடுகிறார்கள்.

ஒவ்வொரு இறங்குதுறைக்கும் ஒரு பதாகை, கன்வஸ் துணியில் எழுத்தை வெட்டி வைத்துத் தைத்தது. பூச்சு மழைக்குக் கழுவுப்பட்டுப் போகும், தைத்த எழுத்தை ஆடு தின்றால்தான் உண்டு என்று அக்கா சொன்னார். ஒரு இடத்தில் ஆடு தின்றது. மாதகல் பதாகை இப்படி இருக்கிறது: "தண்ணி லூர்த்தம்மா வீட்டில். நாய் குரைக்கும், கடிக்காது." உலகத்தில் எந்தக் கடற்பாதையிலும் இவ்வளவு உபயோகமான அறிவித்தல் இருக்காது என்பது என் கருத்து.

குருநகரில் சும்மா விடுவார்களா. தையல்காரி கடலுக்குப் பொத்தான் வைக்கப் போறா என்றார்கள். கொழும்பில் துடுப்பு வலிக்கிற ஒரு கூட்டம் இந்தப் பாதையைக் கேள்விப்பட்டு, முதன்முதலாக அடியிலிருந்து நுனிவரை வந்து பார்க்கிறோம் என்று நாள் குறித்தபோதுதான் பகிடி கொஞ்சம் குறைந்தது. அவர்கள் வந்து போய் நல்லது என்று சொன்னால் மற்றவர்கள் வருவார்கள். இறங்குதுறை வீடுகளில் சாப்பாடு விற்கும். அக்கா இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கிழமை இரண்டு பிளவுஸுக்கு இடக்கையையும் வலக்கையையும் மாற்றித் தைத்தார். அவருக்கு மகிழ்ச்சி என்பதை அப்படித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

அப்போதுதான் அந்தக் கரை குறுக்கே வந்தது. பெயர் எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த முறை எனக்கு அங்கே தேத்தண்ணி கிடைக்காது. அராலிக்கும் காரைநகருக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்காமல் போவதென்றால், விடிய வெளிக்கிட்ட புது ஆட்கள் மத்தியானக் காற்றில் நடுத்தண்ணீரில் கை சோர்ந்து நிற்பார்கள். அந்த ஒரு கரை இல்லையென்றால் பாதை இரண்டாகக் கிழிந்தது என்று அர்த்தம்.

அங்கே கடல் தொடையளவு ஆழம்தான். அங்கத்தைய ஆட்கள் களங்கட்டித் தொழில் செய்கிறவர்கள். தண்ணீருக்குள் தடிகளை வரிசையாக நட்டு வலையைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். மீன் தானாக உள்ளே வந்து, வெளியே போக வழி தெரியாமல் நிற்கும். எந்தக் குடும்பம் எந்த இடத்தில் தடி நடுவது என்பதில் தலையே போகும். அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர்.

அக்கா நல்லதுதான் நினைத்தார். புது ஆட்கள் தெரியாமல் வலைக்குள் பொத்தியை விட்டுக் கிழித்துவிடக்கூடாது என்று, வலை இல்லாத வழியாகப் பார்த்து ஐந்து தடி நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தார். துணிக்கு ஓரம்கூட மடித்துத் தைத்திருந்தார். கடலில் நிற்கிற தடிக்கு ஏன் ஓரம் என்று கேட்டதற்கு, நூல் பிரிந்து தொங்கினால் ஆர் தைத்தது என்று கேட்பார்கள் என்றார்.

ஆர் தைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆர் நட்டது என்றுதான் கேட்டார்கள். அந்தக் கரையில் ஒரு தடியின் தலையில் புதுத்துணி கட்டி நட்டால், இந்தப் பாடு எனக்கு என்று அர்த்தமாம். குருநகரார் எஞ்சின் பூட்டி ஆழத்துக்குப் போகிறவர்கள். எங்களுக்கு இந்த முறை தெரியாது.

விடிந்ததும் கரை கூடியது. கொழும்புக் கம்பனி ஒன்று கடலட்டைப் பண்ணை போடப் போகிறது என்றார் ஒருவர். இல்லை, பக்கத்து ஊரார் என்றார் இன்னொருவர். யாராக இருந்தாலும், அவன் முழுக்க எடுக்குமுன் நான் என்னுடையதை நட்டுவிடுகிறேன் என்று ஒருவர் போய் நட்டார். அவர் நட்டதைக் கண்டு அவருடைய மச்சான் நட்டார். மச்சானைக் கண்டு மற்றவர்கள். கையில் அகப்பட்ட துணியெல்லாம் தடியில் ஏறியது: சாரத்துண்டு, துவாய், பள்ளிக்கூடக் கழுத்து ரை. சில நாளில் அந்தக் கடல் முருங்கைத் தோட்டம் மாதிரி ஆகிவிட்டது. ஒன்றாக வலை இழுத்த இரண்டு வீட்டார் கதைபேச்சை நிறுத்தினார்கள்.

இது ஒன்றும் தெரியாமல் அக்காவும் நானும் அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனோம். தூரத்தில் தடியும் துணியுமாகக் கண்டதும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, சனம் தாங்களாகவே வழி குறிச்சுத் தந்திருக்கு" என்றார். கிட்டப் போகப்போகத் துணிகளைப் படித்துக்கொண்டே வந்தார். "உது வொயில். உது திரைச்சீலை. ஐயோ, உது நான் தைச்ச பட்டுப் பிளவுஸ், கலியாணத்துக்கு ஒருக்கால்தான் போட்டது." கரையில் நின்ற ஆட்களுக்குத் துடுப்பைத் தூக்கி ஆட்டினார். அவர்களும் கையை ஆட்டினார்கள். அது வரவேற்கிற ஆட்டு இல்லை என்பது எனக்கு முதலில் விளங்கியது. ஒரு தென்னம்பாளை எங்கள் பொத்திக்கு முன்னால் வந்து விழுந்தபோது அக்காவுக்கும் விளங்கியது.

அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் பரமலிங்கம் மெதுவாகக் கதைக்கிற மனிசன். சிவப்புத் துணி தன்னுடையது என்று அக்கா சொன்ன பிறகு சங்கக் கட்டடத்தில் ஊரே கூடி இரைந்துகொண்டிருக்க, அவர் இரைச்சல் தானாக ஓயும்வரை மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பிள்ளை, உன்ரை அஞ்சு தடி பிரச்சினையில்லை. அதைப் பாத்து நட்ட தடியள்தான் பிரச்சினை. முதல் பிடுங்கிறவன் பாடு போகுமெண்டு ஒருத்தனும் பிடுங்கமாட்டான். உது இப்பிடி நிக்கும்வரைக்கும் உன்ரை ஆக்கள் இஞ்சை இறங்கேலாது."

அக்கா சாட்டுச் சொல்லவில்லை. எழும்பி நின்று, "நான் பிழையாய் வெட்டிப்போட்டன் ஐயா. நானே பிரிக்கிறன்" என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் யாருக்கும் நட்டமில்லையே என்றும் கேட்டார். அதைக் கேட்டு ஒருவர் சிரித்தார். ஆனால் பரமலிங்கத்தார் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த கையோடு, ஆண்கள் எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கி ஆளாளுக்குத் தங்கள் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் பொத்தியில் அக்கா. உயிர்காப்புச் சட்டையில் தொங்குகிற விசிலை ஊதியதும் எல்லோரும் பிடுங்கவேண்டும். ஊதினார். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். மறுபடி ஊதினார். ஒருவர் கொஞ்சம் அசைத்தார், மச்சான் அசைக்காததைக் கண்டு திரும்ப அழுத்திவிட்டார். கரையில் பெண்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கா விசிலை வாயிலிருந்து எடுத்தார். பொத்தியிலிருந்து தொப்பென்று தண்ணீருக்குள் குதித்தார். அவருக்கு அங்கே நெஞ்சளவு. தன் தடியொன்றைக் கட்டிப்பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, தோளில் வைத்து, அடுத்ததற்கு நடந்தார். அதைப் பிடுங்கிவிட்டு மூன்றாவதற்குப் போனார். தொப்பி நனைந்து முகத்தை மூடிவிட்டது. நான்காவதற்கு அவர் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கடல் முழுக்கத் தடி பிடுங்குகிற சத்தம்.

ஒரே ஒரு தடி மிஞ்சியது. அதன் தலையில் ஒரு நீலத் துவாய்.

அது நமசிவாயம் என்பவருடையது. அவசரமாகத் தடி நடப்போன நேரத்தில் திருக்கை முள் காலில் ஏறி, மகள் இருக்கிற பருத்தித்துறையில் ஆசுப்பத்திரியில் கிடந்தார். மற்றவன் நட்ட தடியில் கை வைப்பது அவன் வீட்டுப் படலையைப் பிடுங்குவதற்குச் சமம். நட்டவன் பிடுங்கவேண்டும், அல்லது அவன் அனுப்பிய ஆள் பிடுங்கவேண்டும். அந்த ஒன்று நின்றால் ஒரு கிழமைக்குள் மற்றவர்களும் திரும்ப நட்டுவிடுவார்கள் என்றார் பரமலிங்கத்தார். கொழும்பு ஆட்கள் வர இருந்ததும் அந்த ஒரு கிழமையில்தான்.

அக்கா கடையைப் பூட்டிவிட்டு, தோடம்பழமும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு, பருத்தித்துறை பஸ்சில் போனார். நமசிவாயத்தார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "உன்ரை தடியாலை வந்த முள் இது. நான் என்ரை காலாலை நடந்து வந்து பிடுங்குவன். அதுமட்டும் நிக்கட்டும்." கால் ஊன்ற இன்னும் கனநாள் செல்லும் என்று மகள் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்த அக்கா நேரே மெசினில் போய் இருந்தார். குண்டூசிகளை வாயில் வைத்தவர் சாப்பாட்டு நேரம்கூட எடுக்கவில்லை. யாகோப்பு அண்ணை கடலால் வந்து, சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு எதிரில் இருந்துவிட்டுப் போனார். பின்னேரம் நான் எட்டிப் பார்த்தபோது, அந்தக் கரைக்கென்று தைத்து வைத்திருந்த பதாகையை மடியில் போட்டுக்கொண்டு, சின்னக் கத்தியால் நூலை வெட்டி எழுத்தெழுத்தாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஊரின் பெயரில் பாதி போய்விட்டது. "மிச்சத்தை வைச்சு ஆரின்ரையாவது வீட்டுக்குப் பெயர்ப்பலகை தைக்கலாம்" என்று பகிடி விட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் திட்டாமல் விட்டது எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது.

வியாழக்கிழமை எனக்குப் பருத்தித்துறையில் ஒரு அலுவல் இருந்தது. சைக்கிள் செயின். யாழ்ப்பாணத்தில் இல்லாத செயினா என்று கேட்காதீர்கள். செயின் விஷயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பரமலிங்கத்தார் அக்காவுக்குப் போன் எடுத்தார். நமசிவாயத்தார் ஆள் அனுப்பித் தடியைப் பிடுங்குவித்துவிட்டாராம், நீங்கள் வரலாம் என்றார். அக்கா போனை வைத்தார். பிறகு வெட்டிய எழுத்துகளைப் பொறுக்கி எடுத்துத் திரும்பத் தைக்கத் தொடங்கினார். குண்டூசிகள் ஒவ்வொன்றாக வாயிலிருந்து இறங்கின.

கொழும்புக் கூட்டம் சனிக்கிழமை விடிய வந்து இறங்கியது. நல்ல பெடியள், நல்ல பெட்டையள், விலை கூடின துடுப்புகள். பண்ணைப் பாலத்துக்கு அடியால் போகும்போது ஆளாளுக்குத் தங்கள் பெயரைப் பலமாகச் சொல்லவேண்டும், அது இங்கத்தைய வழக்கம் என்று அவர்களுக்கு நான் சொல்லிவைத்திருந்தேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை. பாலத்தின் கீழ் அவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கத்த, மேலே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். வந்தவர்களுக்கு முகம் கறுக்கப் பார்த்தது. பின்னால் வந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "லவீனா" என்று பாலம் அதிரக் கத்திவிட்டு, கச்சான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வலித்தார். மேலே சிரித்தவர்களில் ஒருவர் தன் பெயரையும் திருப்பிக் கத்தினார். இனி அது வழக்கமாகிவிடும் போலிருக்கிறது.

அன்றைக்குக் காற்று அவ்வளவு இல்லை. வெறும் பிளவுஸ்தான், லைனிங் இல்லை. அந்தக் கரையில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. பதாகையைப் பரமலிங்கத்தார் தானே ஒரு பூவரசில் கட்டியிருந்தார், கொஞ்சம் சரிவாக. கதைபேச்சை நிறுத்தியிருந்த இரண்டு வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கேத்திலில் தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். இன்னமும் கதைக்கவில்லை, ஆனால் சீனி ஒரே பேணியிலிருந்துதான் போனது.

பூவரசின் கீழ் ஒரு கதிரையில் நமசிவாயத்தார் இருந்தார். கட்டுப்போட்ட காலை இன்னொரு கதிரையில் நீட்டியிருந்தார். முதல் நாள்தான் ஆசுப்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்களாம். வீட்டுக்குப் போக மாட்டேன், இவையளைப் பார்க்கவேண்டும் என்று மகளைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் வந்திருக்கிறார். அக்கா கிட்டப் போய்த் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"இஞ்சை வா பிள்ளை" என்றார் அவர். "நீ அனுப்பின பொடியன் மெத்தப் பொல்லாதவன். என்ரை தடியிலை ஒரு நீர்க்காகம் குடியேறிட்டுதாம். பாடு தனக்கெண்டு சங்கத்திலை அங்கத்துவமும் எடுத்திட்டுதாம், கூட்டங்களுக்கும் ஒழுங்காய் வருகுதாம். சிரிச்சதிலை காலிலை போட்ட தையல் நொந்துபோச்சு. போய்ப் பிடுங்கடா எண்டு விட்டன். பிடுங்கித் தோளிலை சுமந்து கொண்டந்து என்ரை வீட்டு மதிலிலை சாத்திப்போட்டுத்தான் போயிருக்கிறான்."

அக்கா யாரையும் அனுப்பவில்லை. அது ஒரு இமைப்பொழுது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு, "ஓம் ஐயா, அவன் உப்பிடித்தான்" என்றார்.

நான் அப்போது கொஞ்சம் தள்ளி, ஒரு பொத்தியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் ஓட்டை ஏதும் உண்டா என்று மிகவும் கவனமாகத் தேடிக்கொண்டிருந்தேன். மணலில் தொப்பியின் நிழல் வந்து என் பக்கத்தில் நின்றது. நான் இன்னும் கவனமாகத் தேடினேன். கடலுக்கென்று என்னிடம் இருப்பது ஒரே சேட்டு. அதன் தோள்பட்டையைப் பிடித்து அக்கா வெளிச்சத்துக்குத் திருப்பினார். அதில் ஒரு கிழிசல், கிழிசலைச் சுற்றிப் பச்சையாக ஒரு கறை.

"உது என்ன?"

"முள்ளுக்கம்பி கிழிச்சது."

"முள்ளுக்கம்பியிலை பாசி பிடிக்கிறேல்லையடா."

நான் சேட்டைக் கழற்றப் போனேன். "கழட்டாதை. அப்பிடியே நில்" என்று என்னை மற்றவர்களுக்கு முதுகைக் காட்டித் திருப்பி நிறுத்தினார். உயிர்காப்புச் சட்டையின் மடிப்புக்குள்ளிருந்து நூல் கோத்த ஊசி ஒன்று வந்தது. அவர் தைக்கத் தொடங்கினார், கிட்டக்கிட்ட, சின்னச் சின்னத் தையலாக. கடைசித் தையலில் மட்டும் ஊசி கொஞ்சம் ஆழமாக, வேண்டுமென்றே இறங்கியது.